அஞ்சரைக் கட்டை

ஜனவரி 28, சனி

பேங்க் மேடம்: ஜாக்கெட் இரண்டு, லைனிங் உண்டு, கை பதினொன்று, பின்கழுத்து இறக்கம் வேண்டாமாம். புதன்கிழமை கொடுக்க வேண்டும்.

நூல் கடையில் கொடுத்த டைரி இது. அளவு குறிக்கத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் இன்று நடந்ததை எங்காவது கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. வீட்டுக்காரருக்கு மில்லில் இரண்டாவது ஷிப்ட். கடையில் கூட வேலை பார்க்கிற தமயந்தியிடம் சொல்லலாம் என்றால் அவளும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நான் கவனித்தேன்.

நாலு மணிக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து, திண்டுக்கல்லில் வேறு இடமே இல்லாததுபோல, என் தையல் கடை வாசலை அடைத்து நின்றது. பின்கதவைத் திறந்தால் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, கீபோர்டு, தாளம் தட்டுகிற பேடு, மைக். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நாலு பேர் இறங்கினார்கள். நாலு பேருக்குமே பார்வை கிடையாது. வண்டி ஓட்டி வந்தவர் மட்டும்தான் கண் தெரிந்தவர், அவரோ இறங்கியதும் டீக்கடைக்குப் போய்விட்டார். ஐந்தே நிமிஷத்தில் வயரையெல்லாம் தடவித் தடவி மாட்டி ஆரம்பித்துவிட்டார்கள். அடித்த அடியில் என் மேஜை மேலிருந்த ஊசி டப்பா தானாக நகர்ந்தது.

நான் சும்மா இருப்பேனா? வெளியே போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பிடித்தேன் ஒரு பிடி. கடையை மறித்தால் ஆள் எப்படி உள்ளே வரும், முகூர்த்த மாசத்தில் இதென்ன அநியாயம், பாடுவதற்கு ஊரில் மைதானமா இல்லை என்று மூச்சு விடாமல் கேட்டேன். கீபோர்டுக்காரன், நாற்பது வயசிருக்கும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஒரு கட்டையை அழுத்தினான். பிறகு அதற்கடுத்தது. மூன்றாவதாகத் தொட்டதில் விரலை வைத்து அப்படியே நிறுத்திக்கொண்டான். நான் திட்டத் திட்ட என் குரலுக்குக் கீழே அந்தச் சத்தம் இழுத்துக்கொண்டே வந்தது.

"ஒச்சா, அக்கா அஞ்சரைக் கட்டையில திட்டுறாங்கடா. இம்மி நகரல" என்றான் மைக்கிலேயே.

பேடு வாசிக்கிற ஒச்சப்பன் என் ஒவ்வொரு வாக்கியம் முடிகிறபோதும் ஒரு தட்டு தட்டினான். தெருவே சிரித்தது. நான் உள்ளே வந்துவிட்டேன். வண்டியை மட்டும் இரண்டு கடை தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

கட்டை என்று பெண்பிள்ளைகளைச் சொல்கிற பொறுக்கிப் பயல்களைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். இது என்ன அஞ்சரைக் கட்டை என்று தெரியவில்லை. ஐம்பத்து நாலு வயசில் எனக்கு இது தேவையா? அடுத்த சனிக்கிழமை வரட்டும்.

ஜனவரி 30, திங்கள்

கெட்ட வார்த்தை இல்லையாம். வீட்டுக்காரரிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறிவிட்டது. மில்லில் அவருடைய சிநேகிதர் ஒருவர் பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறார், அவர் சொல்லித் தெரியுமாம். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையைச் சுருதியாக வைத்துப் பாடுகிறோமோ அதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. பெரிய பாடகிகளே அஞ்சரைக் கட்டைதானாம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

இம்மி நகரவில்லை என்றானே, அதுவும் நல்ல வார்த்தைதான் போலிருக்கிறது.

பிப்ரவரி 4, சனி

மிஷினை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டேன். உள்ளே வெளிச்சம் போதவில்லை.

வந்தார்கள். கீபோர்டுக்காரன் பெயர் சவரிமுத்து. பாடுகிற பெண் பவுனு, பேடு அடிக்கிற ஒச்சப்பனுடைய மனைவி, ஏழு மாதம் போலத் தெரிகிறது. ஆண் குரலுக்கு ஒரு பெரியவர் இருக்கிறார், பாட்டுக்கு நடுவில் பஸ் கண்டக்டர் மாதிரி விசிலடித்து ஊர் ஊராகக் கூவுகிறார். இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பாடுவது பாதி, ஒருவர் காலை ஒருவர் வாருவது பாதி. ஒச்சப்பன் தாளம் தப்பினால் பவுனு பாட்டின் வரியிலேயே அவனைத் திட்டிவிடுகிறாள், அதுவும் மெட்டு கெடாமல். காய்கறி வாங்க வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார்கள்.

நடுவில் சவரிமுத்து மைக்கில், "அஞ்சரைக் கட்டை அக்கா கடையில இருக்காங்களா?" என்றான். நான் மிஷினை வேகமாக மிதித்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கச் சொல்வதற்காக எழுந்து போனேன். வாயைத் திறந்ததும் சரியாக அந்தக் கட்டையில் விரல் வைத்தான். ஜனங்கள் கை தட்டினார்கள்.

அண்ணி சிரித்தார்கள் என்று தமயந்தி என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். நான் சிரிக்கவில்லை. இந்தத் தமயந்தி என் நாத்தனார். புருஷன் போனபிறகு பதினாறு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கும் இல்லை. நான் வெட்டித் தைப்பேன், அவள் கொக்கி, காஜா, ஹெம்மிங் பார்ப்பாள். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டாள். நான் பேசுவேன், அவள் கேட்பாள். இத்தனை வருஷம் கடை அப்படித்தான் ஓடியது.

பிப்ரவரி 11, சனி

பவுனு அடுத்த மாதம் அம்மா வீட்டுக்குப் போகிறாள். பெண் குரலுக்கு ஆள் தேடுகிறோம், தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று சவரிமுத்து மைக்கில் சொன்னான். சொல்லும்போது முகம் என் கடைப் பக்கம் இருந்தது.

கேட்டால் உடனே சரி என்று சொல்லக் கூடாது. கடை இருக்கிறது, வீட்டில் கேட்க வேண்டும் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 14, செவ்வாய்

தமயந்தி லைனிங் துணி வாங்கப் போயிருந்தாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டு பாடிப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் பாடியது. நன்றாகத்தான் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, கிரைண்டரில் ஏதாவது சிக்கிக்கொண்டதா என்று கேட்டார். இன்று அவருக்கு ரசம் மட்டும்.

பிப்ரவரி 18, சனி

எழுதத்தான் வேண்டுமா என்று இருக்கிறது.

வெயில் தாங்காமல் பவுனுக்கு மூச்சு வாங்கியது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடு என்று தமயந்தியை அனுப்பியதே நான்தான். செம்பை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மேலே ஏறுகிற வரியில் பவுனுக்குக் குரல் நின்றுபோனது. அந்த வரியைத் தமயந்தி எடுத்தாள். தன்னை மீறி வந்ததுதான், வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். செம்பைப் பிடித்தபடியே, மைக் இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு எடுத்தாள்.

சவரிமுத்து கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஒச்சப்பனும் நிறுத்திவிட்டான். பாட்டு நின்றதுகூடத் தெரியாமல் இவள் அந்த வரியை முழுசாகப் பாடி முடித்தாள். தேங்காய்க் கடைக்காரர் ஓங்கிய அரிவாளை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க அது?" என்றான் சவரிமுத்து, மெதுவாக. தமயந்தி பயந்துபோய்ச் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நாலு கட்டை. இத்தன நாளா எங்கம்மா இருந்தீங்க?"

இருபத்தைந்து அடி தள்ளி என் கடையில்தான் இருந்தாள். அதை நான் சொல்லவில்லை. "தமயந்தி, அஞ்சு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கணும்" என்றுதான் கூப்பிட்டேன். அவள் காதில் விழவில்லை. பவுனு மைக்கை அவள் கையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. மத்தியானம் சாப்பிட்ட மொச்சைக் குழம்பாக இருக்கும்.

பிப்ரவரி 19, ஞாயிறு

ரேஷனில் பாமாயில் வரவில்லை. நான் ஒன்றும் பொறாமைப்படவில்லை.

பிப்ரவரி 25, சனி

டீச்சர் அம்மா: ஜாக்கெட் மூன்று, கையில் பைப்பிங். நேற்றே கொடுத்திருக்க வேண்டும். கொக்கி வைக்க ஆள் இல்லாததால் முடியவில்லை.

பாட்டுக்கார அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாலு பாட்டு பாடினாள். பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தமயந்தி ஒரு நிமிஷம் அதைப் பார்த்துவிட்டு மைக் கம்பியில் சுற்றிக் கட்டினாள். அதற்கும் ஜனங்கள் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் நிற்கிறார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் என் கடைக்கு அவர் மொத்தமாக ஏழெட்டுத் தடவை வந்திருப்பார்.

இருபத்து மூன்று வருஷமாக இந்தத் தெருவில் கோமளம் அக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. இன்று புதிதாக ஜாக்கெட் கொடுக்க வந்த ஒருத்தி என்னைப் பார்த்து, "நீங்கதான் பாட்டுக்கார அக்காவோட அண்ணியா?" என்று கேட்டாள். அளவை இரண்டு தடவை தப்பாக எடுத்தேன்.

பாடுவதுகூடப் போகட்டும். அங்கே நின்று அவள் சிரிக்கிறாள். ஒச்சப்பன் என்னவோ சொல்கிறான், பவுனு அவள் தோளில் சாய்ந்துகொண்டு ஏதோ சொல்கிறாள், இவள் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். கீழ்வரிசையில் ஒரு பல் கோணலாக இருக்கிறது. பதினாறு வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், எனக்கு அந்தப் பல் தெரியாது.

அவர்கள் சாமான் கட்டுகிற நேரத்தில் நான் போனேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. "தம்பி, என் குரலையும் ஒரு தரம் பாருங்க" என்று சொல்லி இரண்டு வரி பாடினேன். சவரிமுத்து முழுசாகக் கேட்டான். பிறகு மரியாதையாகத்தான் சொன்னான்: "அக்கா, நீங்க திட்டுறப்பதான் சுருதி நிக்கிது. பாட ஆரம்பிச்சா அது பயந்து ஓடிப்போயிருது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தமயந்தியும் சிரித்தாள். அவள் சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 1, புதன்

பங்குனித் திருவிழாவுக்குப் பத்து நாள், ஊர் ஊராக மேடைக் கச்சேரி இருக்கிறதாம். தெருவில் இல்லை, மேடை, லைட்டு எல்லாம் உண்டு. நோட்டீஸில் பெயர் போடுவார்களாம். தமயந்தியை வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், நாளைக்கு போன் பண்ணிப் பதில் கேட்பார்களாம். காஜா எடுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொன்னாள். அண்ணனிடம் கேட்டாயிற்று, சரி என்றுவிட்டாராம். "நீங்க சொன்னாத்தான் அண்ணி" என்றாள்.

யோசிக்கலாம் என்று சொன்னேன். பத்து நாள் என்பார்கள். அப்புறம் சித்திரைத் திருவிழா என்பார்கள், அதன்பிறகு ஆடி வந்துவிடும். அந்தக் கும்பலோடு இருந்து பழகியவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் கொக்கி தைக்கப் போகிறாள்? நான் பேசுவதை அப்புறம் யார் கேட்பார்கள்?

மார்ச் 2, வியாழன்

தமயந்தியிடம் போன் கிடையாது, கடை போன்தான். பதினொரு மணிக்கு வந்தது. அவள் துணிக்கு ஓரம் அடிக்க ஓவர்லாக் கடைக்குப் போயிருந்தாள். வணக்கம், தமயந்தி அக்கா இருக்காங்களா என்று கேட்டான் சவரிமுத்து.

எனக்கு என்ன வந்ததோ. குரலை நன்றாக இறக்கிக்கொண்டு, அவள் பேசுவதுபோல இழுத்து, "நான் தமயந்திதான் பேசுறேன். எனக்கு இதெல்லாம் ஒத்துவராது தம்பி. நான் இனிமே பாட வரல. நீங்களும் இந்தப் பக்கம் வர வேணாம்" என்றேன்.

"சரிங்கக்கா" என்றான். "நீங்க எப்ப வரச் சொல்றீங்களோ அப்ப வர்றோம்." வைத்துவிட்டான்.

நம்பிவிட்டான். பாவம், கண் தெரியாதவர்களை ஏமாற்றுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. மிஷினில் உட்கார்ந்து ஒரே மூச்சில் இரண்டு ஜாக்கெட் முடித்தேன். தமயந்தி வந்து போன் வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்றேன்.

மார்ச் 4, சனி

வண்டி வரவில்லை. நாலு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் தமயந்தி வாசலில் நின்றாள். தலை வாரி, நீலப் புடவை கட்டியிருந்தாள். வேறு ஊரில் கச்சேரி இருக்கும் என்றேன். ஆமா அண்ணி, இருக்கும் என்றாள்.

மார்ச் 7, செவ்வாய்

கொக்கியெல்லாம் சரியாக வைக்கிறாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. டீச்சர் அம்மாவின் மூன்றும் கொடுத்தாயிற்று. பேங்க் மேடம் அவளுடைய அக்காவையும் கூட்டி வந்தாள். எல்லாம் பழையபடி நன்றாக நடக்கிறது. நான் பேசுகிறேன், அவள் உம் கொட்டுகிறாள்.

மார்ச் 11, சனி

இன்றைக்கும் வரவில்லை. நீலப் புடவையே கட்டியிருந்தாள். ஐந்து மணிக்கு மேல் வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். இதைப் பார்க்கிறதுக்கு அவள் வாசலில் நின்றிருந்தாலே தேவலை.

மார்ச் 13, திங்கள்

இன்று அவளாகப் பேசினாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "என் குரல் அவங்களுக்குப் பிடிக்கல போல அண்ணி. மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம போயிட்டாங்க. நான்தான் பெருசா நெனச்சுக்கிட்டேன்."

அப்படியெல்லாம் இருக்காது என்றேன்.

"இல்ல அண்ணி. நீங்க அப்பவே சொன்னீங்க. நான் இங்க வந்த புதுசுல உங்க மிஷின் பக்கத்துல உக்காந்து பாடிக்கிட்டு இருந்தேன். தாலி அறுத்தவளுக்குப் பாட்டு ஒரு கேடான்னு கேட்டீங்க. அது சரிதானேன்னு அன்னைக்கே விட்டுட்டேன். அப்படியே விட்டுருக்கணும்."

குறையாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நான் அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.

மார்ச் 14, செவ்வாய்

ஞாபகம் இருக்கிறது. வெந்தய நிறத்தில் ஒரு பட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். கழுத்துப் பட்டி வளைந்துபோய் இரண்டாவது தடவை பிரித்துக்கொண்டிருந்த நேரம். அவளோ பக்கத்தில் உட்கார்ந்து சின்னக் குரலில் பாடிக்கொண்டிருந்தாள். புருஷன் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இவளால் எப்படிப் பாட முடிகிறது என்று இருந்தது. எனக்குப் புருஷன் இருந்தான், கடை இருந்தது, ஆனால் பாட்டு வரவில்லை. அப்போதுதான் சொன்னேன்.

பதினாறு வருஷம் அவள் பேசாத பெண் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மார்ச் 15, புதன்

வீட்டுக்காரரிடம் வயிற்று வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நிலக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். புதன்கிழமை சந்தையில் பாடுவார்கள் என்று தேங்காய்க் கடைக்காரர் சொன்னார். சந்தைக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. இடைவேளை போலிருக்கிறது, ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். பவுனு இல்லை, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"தம்பி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"வாங்கக்கா. ஒச்சா, அக்காவுக்கு ஒரு டீ சொல்லு" என்றான் சவரிமுத்து. நான் வந்ததில் அவனுக்கு ஆச்சரியமே இல்லை. அன்றைக்குப் போனில் பேசியது, என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா. நீங்கதான் பேசுனீங்க. தமயந்தி அக்கா நாலு கட்டை. நீங்க எம்புட்டுத்தான் இறக்கிப் பேசினாலும் நடுவுல நடுவுல மேல ஏறிப் போயிருறீங்க. கண்ணு தெரிஞ்ச ஆளா இருந்தா ஏமாந்துருப்பான்."

எனக்கு மானம் போனது. தெரிந்திருந்தால் அப்போதே கேட்டிருக்கலாமே, சனிக்கிழமை வந்து அவளிடமே சொல்லியிருக்கலாமே என்று அவன் மேலேயே பாய்ந்தேன். அவன் டீயைக் கீழே வைத்தான்.

"எப்படிக்கா வர்றது? வீட்டு ஆளுக்கே பிடிக்கலன்னு தெரிஞ்சப்புறம் நாங்க வந்து நின்னா, அந்தப் பாடு அவங்களுக்குத்தான். நாங்க பாடிட்டு வண்டியெடுத்துட்டுப் போயிருவோம். அவங்க அந்த வீட்லதான இருக்கணும். அடுத்தவங்க வீட்ல இருக்கறது எப்படின்னு எங்க நாலு பேருக்குமே தெரியும்."

எங்கள் வீடு அவளுக்கு அடுத்தவர் வீடு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கையிலிருந்த டீயைக் குடித்தேன்.

வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லையாம். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, தமயந்தி பெயர் அதில் இல்லை. இருந்தாலும் சனிக்கிழமை வருகிறோம் என்றான். ஆனால் நடந்ததை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டுமாம், அவர்கள் யாரும் சொல்ல மாட்டார்களாம். நான் சொன்ன பிறகும் அவள் வந்தால் கூட்டிப் போவார்களாம்.

டீயில் சர்க்கரை அதிகம்.

மார்ச் 16, வியாழன்

சொல்லவில்லை. முகூர்த்த வேலை நிறைய இருந்தது.

மார்ச் 17, வெள்ளி

சாமி கும்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன். வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருந்தார்.

சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இருப்பாள், இரண்டு வாரமாக இருக்கிறாளே அந்த மாதிரி. நாளைக்கு நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்.

மார்ச் 18, சனி

மூன்றரை மணிக்குச் சொன்னேன். அவள் நீலப் புடவை கட்டவில்லை, இனி வர மாட்டார்கள் என்று விட்டுவிட்டாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். போனில் உன் பெயரைச் சொல்லிப் பேசினது நான். உன் குரல் நல்ல குரல். எனக்குப் பொறுக்கவில்லை. அதையும் சொன்னேன். அந்த ஜாக்கெட்டின் வெந்தய நிறத்தையும் சொன்னேன்.

கையிலிருந்த துணியை மடித்து மேஜையில் வைத்தாள். பிறகு ஆரம்பித்தாள். பதினாறு வருஷத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ரெண்டு சனிக்கிழமை நான் வாசல்ல நின்னேனே, அத உள்ள உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க என்றாள். அழவில்லை. நான் சாப்பிட்ட சோத்துக்குக் கொக்கி வச்சுக் கழிச்சிட்டேன், என் குரலுக்கும் சேத்தா கழிக்கணும் என்று கேட்டாள். பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கால் மணி நேரம் திட்டினாள். இந்தத் தடவை அவள் பேசினாள், நான் கேட்டேன்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. முகம் கழுவிக்கொண்டு போனாள், கட்டியிருந்த வீட்டுப் புடவையோடேயே. முதல் பாட்டில் குரல் கொஞ்சம் கரகரத்தது, திட்டித் தொண்டை கட்டியிருந்தது. இரண்டாவது பாட்டில் சரியாகிவிட்டது. நான் வெளியே போகவில்லை. மிஷினையும் ஓட்டவில்லை, பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்குமே. அவ்வளவு நன்றாகப் பாடினாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மார்ச் 22, புதன்

அவள் இன்னும் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லி அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பிட வா என்றால் வருகிறாள். கொக்கி வைக்கிறாள். அண்ணி என்று மட்டும் கூப்பிடுவதில்லை. நோட்டீஸை அவர் கொண்டுவந்து காட்டினார், சவரிமுத்து, ஒச்சப்பன் மற்றும் பலர் என்று போட்டிருந்தது. உன் பேரு எங்கம்மா என்று கேட்டார். மற்றும் பலர்ல இருக்கேண்ணே என்றாள்.

மார்ச் 26, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. பத்து நாளைக்குத் துணிமணி ஒரு பை. தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஐஸ் தண்ணீர் குடிக்காதே, கண்ட இடத்தில் சாப்பிடாதே, போன் பண்ணு என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வாசல் வரைக்கும் போனேன். வீட்டுக்காரர் பையைத் தூக்கி வண்டியில் வைத்தார். அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "போறேன்" என்றாள்.

கொத்தமல்லி வாங்கத் தெருமுனைக்குப் போனாலும், போயிட்டு வர்றேன் அண்ணி என்று சொல்லிவிட்டுப் போகிறவள்.

"என்ன பேச்சு இது? போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்றேன்.

வண்டியில் ஏறி, சவரிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"அத வந்தப்புறம் சொல்றேன் அண்ணி" என்றாள்.